தெற்கு வாசல் மரத்தில் ஏழு ஆணிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் தங்கையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். எனக்குக் கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்லத் தங்கைதான் எழுதுகிறாள்.

பூங்காவின் தெற்கு வாசல் மரத்தை வெட்டப் போகிறார்கள் அம்மா. பூங்கா போட்ட அன்று வைத்த மரம், நூற்றைம்பது வருடம் நின்றுவிட்டது. ஆணி அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அடிமரம் உளுத்துவிட்டதாம். ஏழு ஆணிகளைப் பிடுங்கினார்கள். எல்லாம் நான் அடித்தவை. குடியிருப்புச் சுவரில் உன் உயரத்துக்குக் கோடு போட்டால் வருடா வருடம் வெள்ளையடித்து அழித்துவிடுகிறார்கள் என்று உன் அம்மா அழுதாள், அதனால் மூன்று வயதிலிருந்து ஒன்பது வரை உன்னை அந்த மரத்தில் சாய்த்து நிறுத்துவோம், அவள் உன் தலைமேல் சீப்பைப் பிடிப்பாள், நான் அடிப்பேன். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் தோட்டக்காரன் நான். தங்கை பிறந்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள், அளப்பதும் அதோடு நின்றது. எனக்கு ஏன்ப்பா அடிக்கல என்று இப்போது எழுதிக்கொண்டே கேட்கிறாள்.

அதிகாரி பழியைப் பலூன்காரர் மேல் போட்டுவிட்டார். ஆணியில யாராவது பலூன் கட்டுவாங்களா சார் என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வருடம் அந்த மரத்தடியில் நின்றவரை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். நீ ஆணிச் சத்தத்துக்குப் பயந்து அழும்போதெல்லாம் சிவப்புப் பலூன் தந்து சமாதானம் செய்தவர். போகும்போது என்னைப் பார்த்து, உங்களுக்குக்கூட நான் அடிக்கலன்னு தெரியலையா அண்ணே என்றார். அது நடந்து நாலு நாள் ஆகிறது.

நாளைக் காலை அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன். வேலை போனால் இந்த வீடும் போகும். அதனால் நான் மறுபடி எழுதும்வரை இந்த விலாசத்துக்குப் பதில் போடாதே, மறந்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருடம் நன்றாக இருங்கள்.

உன் அப்பா

அக்கா, அப்பா முகம் கழுவப் போயிருக்கிறார். நேற்று யாரும் இல்லாத நேரத்தில் அந்த மரத்தில் சாய்ந்து நின்று பார்த்தேன். உன் கடைசி ஆணியின் ஓட்டை என் தோளுக்கு வருகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை.