மஞ்சள் போடாத சொதி

2024 பெப்ரவரி 12, திங்கள்

வவுனியாவுக்குப் போய் வந்தது வீண். பல் கம்பியை டொக்டர் இம்முறையும் இறுக்கவில்லை.

"பல்லு முரசு வீங்கிக் கிடக்கு தம்பி. சிகரெட்டை விட்டால்தான் இறுக்குவன். இல்லாட்டிப் பல்லு ஆடத் தொடங்கும்."

நான் கூரைகளில் சோலார் தகடு பூட்டுகிறவன். இழுவிசை என்றால் இழுவிசைதான், புகைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன்.

"கம்பி இழுக்கும். எலும்பெல்லோ வழி விடவேணும்? அதுக்கு இரத்தம் ஓடவேணும்."

பதில் சரியாக இருந்ததுதான் கூடுதல் எரிச்சல். ஆவணியில் எனக்குக் கலியாணம். வாய் நிறையக் கம்பியோடு படத்துக்கு நிற்கமாட்டேன்.

பெப்ரவரி 25

பூநகரியில், எனக்குப் பேசி முடித்த பெண் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பெண் சிவரூபி, விஞ்ஞான ரீச்சர். என் வாயைத்தான் முதலில் பார்த்தாள்.

"கம்பியிலை போட்ட வெள்ளை ரப்பர் ஏன் மஞ்சளாக் கிடக்கு?"

சிகரெட்டை விட்டுவிட்டதாக அவளிடம் தையிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். வேறென்ன செய்வது?

"உங்கடை அம்மான்ரை கறியிலை போடுற மஞ்சள்தான்."

நல்ல பொய். மஞ்சளும் கறை பிடிக்கும்தானே.

மார்ச் 10

அன்று நான் சொன்னதைச் சிவரூபியின் அம்மா, மாமி, குசினிக்குள் சமைத்தபடி கேட்டிருக்கிறா. இன்று பருப்பு வெள்ளை, சொதி வெள்ளை, கிழங்கு வெள்ளை. மீனுக்குக் கறித்தூளும் இல்லை.

"தம்பியின்ரை பல்லு முக்கியம்" என்றா.

மாமா தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் பரந்தனில் இறங்கி இரண்டு சிகரெட் பத்தினேன். மனம் சரியில்லை.

ஏப்ரல் 7

போன கிழமை டொக்டர் புது ரப்பர் போட்டவா. அதுவும் நிறம் மாறிவிட்டது. சிவரூபி முற்றத்து வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னாள்.

"எங்கடை வீட்டிலை ஒரு மாசமா மஞ்சளில்லை. உங்கடை வாய்க்கு மட்டும் எங்காலை வருது?"

திறந்த வாயை மூடாமலே "சிகரெட்" என்றேன்.

"கம்பி கழட்டினாப் பிறகு கலியாணம் வைப்பம். சிகரெட் கதையை அம்மாட்டை நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். மாமி அகப்பையைக் கீழே வைத்தா.

"அப்ப, இனி மஞ்சள் போடலாம் என்ன தம்பி?"

அடித்திருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 10

மூன்று நாளாகச் சிகரெட்டைத் தொடவில்லை. கடைக்காரன் கேட்காமலே சிகரெட்டை நீட்டுகிறான். அவனோடும் சண்டை.

ஏப்ரல் 19

சோலார் வயரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொழுவினேன். நானா? என் தொழிலிலா? இதற்கும் சிகரெட்டை விடச் சொன்ன அந்த டொக்டர்தான் காரணம்.

ஜூன் 3

முரசு வீக்கம் வற்றிவிட்டதென்று டொக்டர் கம்பியை இறுக்கிவிட்டா. தலை வரைக்கும் நோகுது. தண்ணீர்கூட இறங்கவில்லை, சோறு எங்கே. சிவரூபிக்கு அழைப்பெடுத்து அழாத குறையாகச் சொன்னேன்.

"நல்லா நோகுதோ?"

"ஓம்."

"நல்லது" என்றாள். வாற தை மாதத்தில் கலியாண நாள் பார்க்கச் சொல்லி மாமாவை இன்றே ஐயரிடம் அனுப்புகிறாளாம்.