உள்ளே தெரிகிற கத்திப் பிடி

நவம்பர் 3, செவ்வாய்

விடிய மழை. கடைக்குத் திருத்த ஒரு சைக்கிளும் வரவில்லை.

மு.ப. மனைவி ரஞ்சி நேரத்தோடே வீட்டில். காத்தான்குடிச் சந்தையில் மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி உள்ளங்கையில் காயம். எல்லாம் வழியில் ஆமி சோதிக்கிற சென்றியால் வந்தது. மரப்பிடி எப்போதோ போய், இரும்பு வாலில் நான் டியூப் ரப்பர் சுற்றிக் கொடுத்திருந்தேன். உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று ஆமிக்காரன் அதை மறுபடியும் கீறிப் பார்த்திருக்கிறான். வெறும் இரும்பு, மீன் வழுவழுப்பு வேறு.

இனி மூடின பிடியோடு வந்தால் கத்தியைப் பறிப்பானாம். சந்தையில் வைத்துவிட்டு வந்தால் மறுநாள் இருக்காது. கத்தி இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. என் கடையை நம்பி உலை வைக்க முடியாது.

"அவனுக்கு உள்ளுக்குப் பாக்கோணும், எனக்குக் கையில பிடிக்கோணும். ரெண்டுக்கும் ஏத்த மாதிரி ஒண்டு செஞ்சு தாங்களன்" என்றாள், கேலியாக. எனக்கு அது கேலியாகப் படவில்லை.

நவ. 5

வெள்ளைக் கயிறு சுற்றி, தெளிவான பசையை ஊறவிட்டால்? நனைந்த வேட்டி உடம்பைக் காட்டுமே, அது போல.

நேற்றிலிருந்து ஆணிகளில் சுற்றிச் சோதனை.

வள்ளத்துக்குப் பூசுகிற ரெசின்: ஊறுகிறது. ஆனால் தேநீர் நிறம். காய்ந்தபின் வளைத்தேன், வெடித்தது.

இரட்டைக் குழாய் எபொக்ஸிப் பசை: உறைந்த நெய். மேலேயே குந்திக்கொண்டது. வெந்நீரில் வைத்தால் இளகுகிறது, ஊறுமுன் இறுகிவிடுகிறது.

வார்னிஷ்: இன்னும் ஒட்டுகிறது.

நைலோன் கயிறு என்ன செய்தாலும் வெள்ளைதான். பருத்தி நூல் கொஞ்சம் உள்ளே காட்டுகிறது. ஏன்? தெரியவில்லை. சாப்பிடும்போதும் இதே யோசனை.

நவ. 6, வெள்ளி

ஜும்மாத் தொழுகை முடியும்வரை காத்திருந்து, காத்தான்குடியில் ஹனீபா காக்காவின் ஹார்ட்வெயார் கடை. சவுதியில் வேலை செய்துவிட்டு வந்தவர். உள்ளே போய் இரண்டு போத்தல் எடுத்து வந்தார்.

"இதுவும் எபொக்ஸிதான், ஆனா தண்ணி மாதிரி. அங்க மேசைக்கு மேல ஊத்துறது. இதில ரெண்டு பங்கு, அதில ஒரு பங்கு. கண்மட்டத்துக்குக் கலந்தா காயாம பிசுபிசுத்துக்கிட்டே கிடக்கும்."

"கத்திப் பிடிக்குக் காக்கா."

"பொஞ்சாதிக்குக் கண்ணாடிக் கத்தியா?"

திரும்பும்போது சென்றியில் ஆமிக்காரன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். பெரிய மணம் இல்லை, விட்டான்.

பி.ப. கத்தி வாலில் பருத்தி நூலை இறுக்கிச் சுற்றி, பழைய பிரஷால் தொட்டு வைத்தேன். தொட்ட இடமெல்லாம் குடித்தது. வெள்ளை மறைந்து உள்ளே இருந்த இரும்பு மெல்லத் தெரிந்தது. ரஞ்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நவ. 7

பிடி முழுக்கப் பால் மாதிரி மங்கல். இரவெல்லாம் மழை, வாவிக் காற்று. நூலே ஈரம் குடித்திருக்கும். அழாத குறை.

வெட்டி எறிந்தேன். புது நூலை அடுப்புக்கு மேலே கருவாட்டுத் தட்டில் காயவைத்து, சுற்றி, அங்கேயே பூசி, அங்கேயே தொங்கவிட்டேன்.

"கருவாட்டோட என்னையும் சேத்துத் தொங்க விடுங்க" - ரஞ்சி.

நவ. 9

தெளிவு. நூல் வரி விரலுக்குத் தட்டுப்படுகிறது. தடித்த பசை என்றால் வரியை மூடி வழுக்கியிருக்கும். மீன் எண்ணெய் பூசிப் பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை.

நவ. 10

துணி சுற்றிய கையோடும் கத்தியோடும் ரஞ்சி போனாள். எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே செயினைக் கழற்றுவதும் பூட்டுவதும்.

வந்தாள். கத்தியும் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினானாம். கீறவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பெருமையும்தான்.

நவ. 11

மழை விட்டிருக்கிறது. ரஞ்சி பையிலிருந்து மூன்று கத்தி எடுத்து வைத்தாள். ஆமிக்குச் சமைக்கிற குசினியின் கத்திகள். அதே மாதிரிக் கட்டிக் கொண்டுவரட்டாம்.

"ஆர் செஞ்ச எண்டு கேட்டான். என்ட மனிசன் எண்டன்."

"பேரும் சொன்னியா?"

"கடையும் சொன்னன். கீறாம விட்டானே எண்ட சந்தோசத்தில வாய் வந்திட்டு."

ஆமிக்கு வேலை செய்கிறேன் என்று வாவிக்கு அக்கரையில் உள்ள இயக்கப் பொடியன்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். செய்யாவிட்டால் அவள் சென்றி தாண்ட முடியாது. பயமாக இருக்கிறது. கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், நல்ல இரும்பு.

மிச்சப் பசை மூன்று கத்திக்கும் போதும். பசை முடிந்துவிட்டது என்று ஆமிக்குச் சொல்லலாமா என்று ரஞ்சியிடம் கேட்கக் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு மேலே கருவாட்டுத் தட்டில் புது நூல் காய்கிறது. நான் போடவில்லை.