இறங்கியவர் சொல்ல வேண்டியது

அன்புள்ளவருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "ம், இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை உங்கள் அக்காவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இதை யார் தலையிலும் கட்ட முடியாது, நன்றாக இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு நீங்களேதான் படித்தாக வேண்டும். எழுத்தைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறேன், சாக்குச் சொல்ல வேண்டாம்.

டிப்போவில் லோடு ஏறக் காத்துக்கொண்டு, கேபினுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து லாரியில், நம்மைப் போல மாறி மாறி ஓட்டுகிற ஜோடி டிரைவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் பாட்டிலை யார் காலி செய்தது என்று சண்டை போடுகிறார்கள். கேட்கக் கேட்கப் பொறாமையாக இருக்கிறது. உங்கள் இடத்துக்குச் சோதனை ஓட்டம் வந்தவர்கள் எல்லாரும் மரியாதைக்காரர்கள். இறங்கும்போது சீட்டை எனக்காக முன்னால் தள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் ஒரு நாளாவது வைத்ததுண்டா? உங்கள் நெட்டைக் காலுக்குப் பின்னால் தள்ளியது தள்ளியபடியே இருக்கும், நான் திட்டிக்கொண்டே இழுப்பேன். இப்போதும் ஏறியவுடன் கை தானாகக் கீழே போகிறது. இழுக்க ஒன்றுமில்லை. திட்டவும் ஆளில்லை.

சோதனைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எவன் ஓட்டும்போது உனக்குப் பின்னால தூக்கம் வருதோ, அவன்தான் சரியான ஜோடி" என்று நீங்கள் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது ஒரு தம்பி. ஹெட்போன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நிச்சயமான பெண்ணோடு காதில் மாட்டிக்கொண்டு பேச்சு, பேச்சு, வழி நெடுகப் பேச்சு. பின்னால் படுத்திருந்த எனக்கு அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள், எந்தப் பல் வலிக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். முன்னால் போகிற வண்டியின் முதுகை முட்டப் போகும்போதுதான் பிரேக் ஞாபகமே வருகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். நல்ல பையன்தான், எங்கேயோ நன்றாக இருக்கட்டும்.

அடுத்தவர் உங்களைவிட மூத்தவர். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், என் தலையெண்ணெய் வாசனை ஆகாது, ஏசியைக் குறைக்கவே கூடாது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் எனக்குப் பல் கிட்டியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான் ஓட்டும்போது மனிதர் தூங்கவே இல்லை. திரையை விலக்கித் தலையை நீட்டி "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பொம்பளை கையில் உயிரைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு இவர் வேண்டாம் என்று சொல்ல ஆபீசுக்குள் போனால், அவர் முந்திக்கொண்டு எனக்கு இந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்! அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மூன்றாவது ஒரு பெண். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். வளைவு வந்தால் பின்னால் ஒரு பஸ் பிள்ளைகள் நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு திருப்புகிறாள். பேச்சு குறைவு. என் நகைச்சுவைக்குச் சிரிப்பதே இல்லை, அது ஒரு குறைதான். ஒரே பாட்டில் ஒரே அடியை, அதுவும் தப்பாக, முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறாள். அந்த முணுமுணுப்பில் எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது.

எழுந்தபோது நல்ல வெயில். தூக்கக் கலக்கத்தில் "ஏங்க, எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டுவிட்டேன். முன்னாலிருந்து பொம்பளைக் குரல், "பாலம் தாண்டியாச்சு, நீங்க படுங்க" என்றது. அவள் சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். உங்களைத் தவிர இன்னொருவர் ஓட்டும்போது எனக்குத் தூக்கம் வந்துவிட்டதே என்று அழுதேன். எத்தனையோ பேரிடம் பேசுகிறேன், இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும், உங்களிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் தற்காலிகமாக வர மாட்டாள். நிரந்தரம் என்றால்தான் பள்ளிக்கூட வேலையை விடுவாளாம், நியாயம்தானே. வருகிற திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் நம் வண்டியை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் கிடங்கு வேலைக்குப் போடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். நீங்களோ, "ஆபரேஷன் முடிஞ்சதும் வந்துடறேன், அதுவரைக்கும் யாரையாவது போட்டுக்கச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். டாக்டர் சொன்னபோது நாம் இரண்டு பேரும் அதே அறையில்தான் இருந்தோம். வெளியே வந்ததும் நீங்கள் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். நான் கையைக் காட்டினேன். அதோடு சரி, அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தாலும் நீங்கள் இனி லாரி ஓட்டப் போவதில்லை. எழுதிவிட்டேன். என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. கோபத்திலாவது நாலு வார்த்தை பேசுவீர்கள்.

இவ்வளவையும் அவளிடம் சொல்லி, நாளைக்கே சரியென்று சொல்லிவிடவா என்று கேட்டேன். அவள் உடனே தலையாட்டவில்லை. இறங்குகிற டிரைவர் வண்டி எப்படி இருக்கிறதென்று ஏறுகிறவரிடம் சொல்லித்தானே சாவியைக் கொடுக்க வேண்டும், அதுதானே வழக்கம் என்றாள். "நீங்க எல்லாம் சொன்னீங்க. இறங்கினவர் ஒண்ணும் சொல்லலையே. அவர் வாயால கேக்காம நான் எப்படி அவர் சீட்டுல உக்கார்றது?" என்றாள். உண்மைதான். அன்றைக்கு ஒரு கண் மங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, "நீ ஓட்டு" என்று மட்டும் சொல்லி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே உங்களைக் கூப்பிடுவாள். தயவுசெய்து பேசுங்கள். மேட்டில் மூன்றாவது கியர் அடம்பிடிக்கும், மழையில் இடப்பக்கம் இழுக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். எல்லாம் எனக்கும் தெரியும், ஆனாலும் உங்கள் வாயால் வரட்டும். வண்டியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். எழுந்தவுடன் பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன், கோபம் வந்தால் வேகம் கூடும், அழுதால் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் வேறு யாருக்குத் தெரியும்? நான் அவள் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு வார்த்தையும் குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி. சீட்டுக்குத்தான் ஆள் தேடினேன், புருஷன் என்கிற இடத்துக்கு நான் யாரையும் தேடவில்லை. நீங்களும் தேட வேண்டாம்.