டொக்டர் கேட்டது தூசியைப் பற்றி

இஞ்சாருங்கோ,

யூனியன்வில்லில் அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் திரும்பவும் காருக்கே போய்விடுவீர்கள்.

ஐம்பதுகளில் முதல் கோர்வெட் காரை வடிவமைத்தவர்கள் இரும்புத் தகட்டை விட்டு ஏன் ஃபைபர் கிளாஸ் என்ற கண்ணாடி நாரை எடுத்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம். இரும்புக்கு அச்சுகள் செய்ய மாதக்கணக்காகும், செலவும் பெரிது. ஃபைபர் கிளாஸ் என்றால் படகு செய்வதுபோலக் கையாலேயே படியவைத்து, நினைத்த வளைவைக் கொண்டுவரலாம். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் இதைச் சொன்னீர்கள். நானும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மகள் ஜெனிற்றா மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தத் தமிழ் டொக்டர், "வீட்டிலை என்ன தூசி?" என்று கேட்டார். "கராஜில் என் கோர்வெட்டின் ஃபைபர் கிளாஸ் உடம்பைத் தேய்த்தேன், வீட்டுக்குள் வரும் கதவைச் சாத்தவில்லை" என்று நீங்கள் சொல்லியிருந்தால் போதும். நீங்களோ இரும்பு அச்சில் இருந்து தொடங்கினீர்கள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

பிள்ளைக்கு இப்போது பரவாயில்லை. நேற்றுக் கேட்டாள்: "அம்மா, அப்பா ஏன் டொக்டருக்குக் கார்க் கதை சொன்னவர்?"

"பயத்திலை," என்றேன்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையென்றால் வந்து அவளிடம் நீங்களே சொல்லுங்கள். வேறு எந்தக் கதையும் வேண்டாம்.

உங்கள் மனைவி