மலையின் ராகுகாலம்

இன்று காலை கூரையில் கிடந்த ஸ்னோ முழுக்க ஒரே தட்டாய்ச் சறுக்கி விழுந்து, என் பேஸ்மென்ட் யன்னலை மூடிவிட்டது. வெளியே நல்ல வெயில். "மோர்னிங்சைட் றோட்டிலை எல்லாருக்கும் வசந்தம், எனக்கு மட்டும் கிரகணம்" என்று சொல்லிச் சிரித்தபடி திரும்பினேன். உன் கட்டில் வெறுமையாய்க் கிடந்தது.

ஊரில் குளக்கட்டில் ஏறவே பயந்து என் கையைப் பிடித்த ஆள் நீ. மேற்கே மலைக்குள், ஸ்கீ விடுறவர்கள் தங்கும் விடுதியில் சமையலுக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில், வீட்டுக்காரர் மேலே இருந்து காலால் தட்டினார். போன பிறகு ஞாயிறுதோறும் போனில் ஒரே ஸ்னோக் கதைதான்.

"மார்கழியிலை விழுந்தது அடியிலை சீனி மாதிரி உதிர்ந்துபோய்க் கிடக்கு மச்சான். அதுக்கு மேலை எத்தினை தட்டு விழுந்தாலும் ஒட்டாது. விடிய ரொட்டி மாதிரி இறுகி இருக்கும், நடக்கலாம். வெயில் ஏறினால் பிட்டு மாதிரி ஊறி, அப்பிடியே கழண்டு வரும்."

"நீ மலையிலை நிக்கிறியோ, குசினியிலை நிக்கிறியோ?"

"பகிடி விடாதை. பங்குனி பிறந்தால் மலைக்கு மத்தியானம்தான் ராகுகாலம். வெள்ளன வெளிக்கிட வேணும்."

விடுதியில் இருந்து றோட்டுக்கு இறங்க ஒரே பாதை, பெரிய சரிவு ஒன்றின் கீழே. சாமான் எடுக்க இறங்கும் நாளெல்லாம் நீ விடியவே போய் வந்தாய். நேரம் காலம் ஒன்றும் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை இறங்கியது சாமானுக்கு இல்லை. மலை வேலையை விட்டு, இங்கே திரும்பி வருகிற பயணம். "தனியக் கிடந்து அலட்டுறாய், வாறன். கட்டிலைத் துடைச்சு வை" என்றாய். புது விரிப்பும் வாங்கிப் போட்டேன்.

நீ வரவில்லை. விடுதிக்காரர்தான் எனக்குப் போன் எடுத்தார். அவருடைய இங்கிலீசில் பாதி விளங்கவில்லை. பனிச்சரிவு என்றது விளங்கியது. ஒன்பது மணிக்கு எல்லாரும் இறங்கும்போது உன்னையும் கூப்பிட்டார்களாம். நீங்கள் போங்கோ என்றுவிட்டு, பெட்டியை மடியில் வைத்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாயாம். பத்தரைக்கு எழும்பித் தனியே இறங்கினாயாம். பாதி வழியில் வெயில் நன்றாய் ஏறிவிட்டது. "வை? வை?" என்று அந்த மனிசன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

எனக்குத் தெரியும். சனிக்கிழமை ஒன்பதில் இருந்து பத்தரை. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடாத நேரம். என்னட்டை வாறதை நீ நல்ல காரியம் என்று நினைத்திருக்கிறாய். அதை நான் எந்த இங்கிலீசில் சொல்ல? "ஐ டோன்ட் நோ" என்றேன்.

இப்போது பக்கத்து ஒஷாவாவுக்குக் கலியாணத்துக்குப் போகிற மேல்வீட்டாரைக்கூட வெள்ளன வெளிக்கிடச் சொல்லிக் கலைக்கிறேன். "ராகுகாலம் முடியேல்லை அண்ணை" என்பார்கள். "ராகு என்ரை ஆள்தான், நான் சொல்லிச் சமாளிக்கிறன், நீங்கள் போங்கோ" என்பேன். சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிரிப்பு கீழே என் அறை வரைக்கும் வராது.

யன்னலைத் திறந்துவிடச் சவளோடு வெளியே போனேன். அள்ள முதல் குந்தியிருந்து, குவியலின் அடியில் ஒரு கை எடுத்துப் பொத்திப் பார்த்தேன்.

சீனி மாதிரித்தான் மச்சான். ஒட்டவேயில்லை.