கானமயில் பார்க்கப் போகிறவள்

"ஒரு பறவையப் பாக்க, ஆபரேஷன் ஆன ஒடம்போட பாலைவனத்துக்கா?" என்று மூன்று வாரமாகச் சண்டை போட்டார் கண்டக்டர் குமரேசன். டாக்டர் போகலாம் என்ற பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை அவர் கீழ்பென்னாத்தூர் டிரிப்புக்குப் போன பின், மனைவி அருணாதேவி பயணப் பையைத் திறந்தாள். மேலேயே புதுத் தொப்பியும் ஓஆர்எஸ் பாக்கெட்டுகளும் இருந்தன. அவள் வாங்கி வைத்தவை அல்ல. சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்:

"ஏங்க, புளிக்கொழம்பு ரெண்டு நாளைக்கு வரும். பால் அரை லிட்டர் போதும்னு சொல்லிட்டேன். தொப்பி சரியா இருக்குது. சிரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? ராஜஸ்தான் போய்ச் சேந்ததும் பேசறேன்."

ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"கானமயிலு கண்ணுல பட்டா மொதல் போட்டோ உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் போறோம். இப்பவே லீவு எழுதிக் குடுங்க."