மூன்றாவது மதர்போர்டு

ஜூன் 9, திங்கள். அரியலூர்.

காலையில் எழுந்ததும் வாசல்கூடத் தெளிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். இருக்கிறது. ஊசிபோல, விடாமல் ஒரு கீச்சொலி. மதர்போர்டை மாற்றியும் போகவில்லை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் படித்து ஒலிப்பதிவு செய்வதற்கென்றே கட்டிய கம்ப்யூட்டர் இது. மைக்கை இணைக்கும் என் பழைய ஒலிப்பெட்டிக்கு ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும். இப்போது வரும் மதர்போர்டுகளில் அது கிடையாது. அதற்கு ஓர் அடாப்டர் அட்டை, அந்த அட்டைக்கு இடமுள்ள போர்டு, விசிறி இல்லாத கேபினெட் என்று பெரம்பலூரில் ஜெயசீலன் கடையில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். இத்தனை செய்தும் இரைச்சல் வந்தால் எப்படி?

ஜூன் 14, சனி.

கல்லூரி நூலகத்தில் அரைநாள் வேலை முடித்து, கம்ப்யூட்டரோடு ஜெயசீலன் கடைக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க மேடம். எங்க வூட்டு நாயை வேணா கூட்டியாந்து மாட்டிப் பாக்கவா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் பி.எஸ்சி. இயற்பியல். அடாப்டர் செருகும் இடம் பவர் பகுதிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கோளாறு, தள்ளி இருக்கும் போர்டாகக் கொடுங்கள் என்றேன். இரண்டாவது போர்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முகம் சரியில்லை.

ஜூன் 17, செவ்வாய்.

அடுத்த போர்டு வரும்வரை முதல் போர்டையே மாட்டிப் பதிவு. வீட்டில் இவரிடம் ஹெட்போனை நீட்டினேன். "சிமெண்ட் ஆலையில என் காது பாதி போயாச்சு. என்னைப் போயி கேக்குற" என்றார்.

திரையில், நான் பேசாத இடங்களில் ஒலியைக் காட்டும் கோடு நேராகத்தான் ஓடுகிறது. கோட்டை நம்புவதா, காதை நம்புவதா? காதைத்தான் நம்பினேன். பதிவை வடிகட்டும் இரைச்சல் நீக்கி மென்பொருளை இன்னும் ஒரு படி கூட்டினேன். டிஸ்கில் இடமில்லாததால் வழக்கம்போல் மூலப் பதிவை அழித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு.

மூன்றாவது போர்டு. புது அடாப்டர். அதே சத்தம்.

மாலையில் வெற்றிச்செல்வி பேசினாள். வேப்பந்தட்டைப் பெண், பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அடுத்த மாதம் அரசுத் தேர்வு எழுதுகிறாள். வரலாறு முழுக்க என் பதிவுகளைக் கேட்டுத்தான் படிக்கிறாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இப்ப அனுப்புற பாடமெல்லாம் குடத்துக்குள்ள தலைய வுட்டுப் பேசுறாப்ல இருக்கு. பாதி எழுத்து முழுங்குது. ராஜா பேரே வெளங்கல."

"பின்னாடி இரைச்சல் இருந்துச்சும்மா. அதை எடுத்தேன்."

"என்ன இரைச்சல்? போன வருசப் பாடத்துல லாரி போவும், ஒங்க தெரு சேவல் கூவும். அந்தச் சேவலுக்கே பாதி வரலாறு தெரிஞ்சிருக்கும். அதெல்லாம் இருக்கட்டும்க்கா, நீங்க பேசுறது கேட்டாப் போதும்."

போனை வைத்த பிறகும் அதே கேள்வி. என்ன இரைச்சல்?

ஜூன் 26, வியாழன்.

மாதாந்திர மின்தடை. தலைவலி என்று நூலகத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். மதியத்துக்குள் இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டது. மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. ஹெட்போன் மேசைமேல்.

சத்தம் இருக்கிறது.

இரண்டு காதையும் பொத்தினேன். கூடியது.

எனக்குள்ளதான் கேக்குதா. இத்தனை நாளா எனக்குள்ளதானா. இல்லாத சத்தத்த எடுக்கறேன்னு அந்தப் பொண்ணோட பாடத்தையெல்லாம் —

ஜூன் 27, வெள்ளி.

பெரம்பலூரில் காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். "ச, ஸ மாதிரி கூர்மையான சத்தம் கேக்குற திறன் கொறைஞ்சிருக்குங்க. இந்தக் கீச்சு அதோட சேந்து வர்றதுதான். முழுசா போகுமான்னு சொல்ல முடியாது, பழகிடும்." காதுக் கருவி பற்றி யோசிக்கச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஜெயசீலன் கடை திறந்திருந்தது. எதிர்ப்பக்கமாக நடந்து வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி.

இந்த வருடம் பதிந்த அத்தனை பாடத்தையும் அங்கங்கே கேட்டுப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

"என்ன, சத்தம் நின்னுச்சா?" என்று கேட்டார் இவர்.

"நின்னுட்டுதுங்க" என்றேன்.

மறுபடியும் படிக்க வேண்டும். படித்துவிடலாம், குரல் இருக்கிறது. பதிவு சரியா என்று சொல்லத்தான் இனி என் காது ஆகாது.

திங்கள் முதல் ஒரு வாரம் லீவு எழுதப் போகிறேன். கம்ப்யூட்டரையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு வேப்பந்தட்டைக்குப் போவேன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து படிப்பேன். ஹெட்போன் அவள் காதில் இருக்கும். எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று அவள் சொல்லட்டும். ஏன் என்று கேட்டால், அவளிடம்தான் முதலில் சொல்வேன்.